வால்நிலாவின் நடை

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ரெனீ மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்த நேரத்தில்தான் கைப்பேசி அதிர ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. மேசைமேல் கிடந்த அது அதிர்விலேயே நகர்ந்து போய்க் குழம்புப் பையில் முட்டியது.

எடுத்துப் பார்த்தாள். "வெள்ளெலி ஒரு திருட்டு எலி" என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

வெள்ளெலி அவள்தான். மலேசியாவில் லூபோக் சீனா என்ற ஊரில் கண்ணாடி ஃபிரேம் துடைத்து விற்கிற ரெனீயை இணையத்தில் அந்தப் பெயரில்தான் தெரியும். அதுவும் ஒரே ஒரு குழுவில். 'கரையோரக் காடு' என்ற கார்ட்டூன் தொடரின் ரசிகர்கள் கூடும் குழு அது. தொடரை எடுத்தவர்கள் இரண்டு பருவத்தோடு கைகழுவிவிட்டார்கள். சாம்பி என்ற நொண்டி மரநாய் வெள்ளம் புரளும் ஆற்றங்கரையில் நிற்பதோடு கதை அந்தரத்தில் நின்றுபோனது. கைவிட்ட கதையை ரசிகர்கள் தூக்கிக்கொண்டார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் கோயம்புத்தூரிலும் இருந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள், முடிவைத் தாங்களே வரைவது என்று கிளம்பினார்கள். கதையை முப்பது துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்று. காசு கிடையாது. சிலர் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள், சிலர் பள்ளி நோட்டில் வரைந்து படம் பிடித்து அனுப்பினார்கள். ரெனீ கைப்பேசியில் விரலாலேயே வரைந்தாள். எல்லாவற்றையும் வாங்கி ஒட்டுகிற பொறுப்பு செலண்டார் என்ற ஊரில் இருக்கும் தேவிஸ்ரீ என்ற பெண்ணுடையது. எட்டு மாத வேலை முடிந்து, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வெளியீடு என்று அறிவித்தாயிற்று. அன்று வெள்ளிக்கிழமை.

முந்தின நாள் தேவிஸ்ரீ சின்ன முன்னோட்டம் ஒன்றைப் போட்டிருந்தாள். அதில் ரெனீயின் துண்டும் இருந்தது. சாம்பி சேற்றில் நடந்து வரும் காட்சி, சில வினாடிதான். இப்போது 'மஞ்சள்பென்சில்' என்ற பெயரில் ஒருவர் அதையும் வேறொரு பழைய வீடியோவையும் அருகருகே வைத்து ஓடவிட்டிருந்தார். நொண்டிக் கால் மண்ணைத் தொடுவதற்கு முன்பே இடது தோள் சரிந்து பாரத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு ஒரு கணம் தயங்கி, வால் மெல்லத் திரும்பும். இரண்டிலும் அதே நடை. அச்சு அசல்.

பழைய வீடியோ வால்நிலாவுடையது.

குழுவில் வால்நிலாவின் பெயரைச் சொன்னாலே குரல் தாழும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண் சாம்பியை வைத்து இரண்டே நிமிடப் படம் ஒன்றைப் போட்டாள், சாம்பியைக் கெடுத்துவிட்டாள் என்று ஆட்கள் கொதித்தெழுந்து அவளை விரட்டியடித்தார்கள், அவள் காணாமலே போய்விட்டாள் என்பது கதை. அப்படிப்பட்டவளின் நடையை ஒருவர் கோட்டுக்குக் கோடு நகலெடுத்திருக்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டு. இந்த உலகத்தில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. கை நடுங்கி வரைந்தால் மன்னிப்பார்கள், நிறம் தப்பினால் சிரித்துவிட்டுப் போவார்கள். அடுத்தவர் வரைந்ததை எடுத்துத் தன் பெயரைப் போட்டால் மன்னிப்பே கிடையாது.

"அவ இப்ப இல்ல, அதனால நாமதான் அவளுக்காகப் பேசணும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் இதயக் குறிகள்.

ரெனீ சாப்பிடாமல் பொட்டலத்தை மூடிவைத்தாள். வால்நிலாவும் அவள்தான்.

தேவிஸ்ரீயிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது.

"வெள்ளெலி, உங்க ரஃப் ஃபைல் இருந்தா அனுப்புங்க. கோடு போட்டது, திருத்துனது, எதுனாலும் சரி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்கறேன். இல்லன்னா உங்க பார்ட்ட எடுத்துட்டு பேக்அப் ஆளு வரைவாங்க. சாரி. எனக்கு வேற வழி இல்ல."

ரஃப் ஃபைல் எங்கே இருக்கிறது? பழைய கைப்பேசி, இடம் போதாது. ஒவ்வொரு காட்சியும் முடிந்த கையோடு அடியில் இருந்த கோடுகளை அழித்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும். அவளிடம் மிச்சம் இருந்தது முடிந்த படம் மட்டும். அதைத்தான் எல்லோரும் திருட்டு என்கிறார்கள்.

ஒரே வழிதான் இருந்தது. வால்நிலாவின் பழைய கணக்குக்குள் போய், அங்கிருந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. "குறியீட்டு எண்ணை அனுப்பட்டுமா?" என்று திரை கேட்டது. எந்த எண்ணுக்கு என்று கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டியது. பதினைந்து வயதில் அவளுக்கென்று ஒரு எண் இருந்ததில்லை. அது அப்பாவின் எண்.

*

அப்பா மரியசூசை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். பேச்சு குறைவு. மகள் விஷயத்தில் அவர் கோபப்பட்டது ஒரே ஒரு முறைதான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அவள் கையில் இருந்த சிம் போடாத கைப்பேசியைப் பிடுங்கி, "இனிமே படம் கிடம் ஒண்ணும் வேணாம்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது என்றுதான் ரெனீ நினைத்திருந்தாள். அப்போது யாரோ அவளுடைய பள்ளிப் புகைப்படத்தைத் தேடியெடுத்து அசிங்கமாகத் திருத்தி ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். மகளின் முகத்தை அப்படிப் பார்த்த அப்பாவுக்கு வேறென்ன தோன்றும்? அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. இந்த எட்டு மாதமாக அவள் வரைந்ததெல்லாம் கடையிலும் பஸ்ஸிலும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டும்தான்.

ஆகவே அன்று மாலை அவள் கேட்கவில்லை. காத்திருந்தாள். அப்பா லோரியை விட்டுவிட்டு வந்தார், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். கைப்பேசி குளிர்சாதனப்பெட்டி மேல் சார்ஜில் கிடந்தது. அடுப்படியில் அம்மா அருளம்மாள் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தார். ரெனீ தன் கைப்பேசியில் 'அனுப்பு' என்பதை அழுத்தினாள். அப்பாவின் திரை வெளிச்சம் போட்டது. பூட்டிய திரையில் "புதிய குறுஞ்செய்தி" என்று மட்டும் வந்தது, எண் தெரியவில்லை. திறக்கப் புள்ளிகளை இணைத்துக் கோலம் போட வேண்டும். ஒரு கோலம் போட்டுப் பார்த்தாள். தப்பு. இன்னொன்று. தப்பு.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாருடி அங்க அப்பா போன நோண்டறது?" அம்மா திரும்பாமலே கேட்டார்.

"மணி பாத்தேம்மா."

"சுவத்துல மணி இல்லையா?"

கதவு திறந்தது. ரெனீ கைப்பேசியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு விலகி நின்றாள். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து அதை எடுத்தார், கோலத்தைப் போட்டார், கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"என்னமோ நம்பர் அனுப்பியிருக்கான்" என்றார். "ஸ்கேம் லா இது. இப்டித்தான் போன மாசம் நம்ம ராமையா மாட்டிக்கிட்டாரு."

அவள் கண்முன்னாலேயே அதை அழித்தார்.

அறைக்குப் போய் மறுபடி அழுத்தினாள். நிறைய முறை முயன்றுவிட்டாய், காலையில் முயற்சி செய் என்றது திரை. குழுவில் இதற்குள் அவளுக்குப் புதுப்புதுப் பெயர்கள் வைத்திருந்தார்கள். அவள் வேறு யாரிடம் திருடினாள் என்று தோண்டத் தொடங்கியிருந்தார்கள். அவள் எந்த ஊர், எங்கே வேலை என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வியைப் பார்த்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

*

சனிக்கிழமை காலை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்பனை ஆலைக்குப் போனாள். குலை ஏற்றிய லோரிகள் ஆலை வாசலிலிருந்து சாலையோரம் நீளமாக வரிசை கட்டி நின்றன. வெயில் ஏறிவிட்டிருந்தது. பழுத்த குலையின் எண்ணெய் வாடையும் டீசல் புகையும் மூக்கை அடைத்தன. அப்பாவின் நீல லோரி ஏழெட்டு வண்டிக்குப் பின்னால் நின்றது. கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

அவர் பதறிப்போனார். "என்னம்மா? அம்மாவுக்கு என்னா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லப்பா. உங்க போன் வேணும். நேத்து வந்துச்சே அந்த நம்பர், அது ஸ்கேம் இல்ல. நான்தான் அனுப்பச் சொன்னேன்."

அவர் சட்டைப் பைமேல் கையை வைத்துக்கொண்டார்.

"நான் மறுபடியும் வரையறேன்பா."

"தெரியும்."

"தெரியுமா?"

"பஸ்ஸு நிக்கிற எடத்துல நின்னுக்கிட்டு விரல தேச்சுக்கிட்டு இருக்க. அந்தப் பக்கம் லோரியில போறவனுக்குக் கண்ணு இல்லையா?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டாக வரைந்தது, திருட்டுப் பட்டம், மதியம் வரை கெடு, பழைய கணக்கு. அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் நின்ற வண்டியின் பின்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன் வண்டி நகர்ந்தது. இவரும் நகர்த்தினார். பிறகு சொன்னார்:

"வேணாம்மா."

"அப்பா..."

"வேணாம் லா. அந்தப் பேர்ல நீ வெளிய வந்தா மறுபடியும் போன் அடிப்பானுங்க."

"யாரு?"

"யாருன்னு கேக்கற." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் அக்கவுண்ட்ல என் நம்பர் இருந்துச்சுல்ல? அத எங்கயோ எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டானுங்க. பகல்லயும் அடிப்பானுங்க, ராத்திரியும் அடிப்பானுங்க. லோரி ஓட்டிக்கிட்டு இருப்பேன், எடுத்தா உன் பேரச் சொல்லி அசிங்க அசிங்கமா பேசுவான். எல்லாம் சின்னப் புள்ளைங்க கொரலு. ஒரு நாளு ஒருத்தன், 'உன் மக செத்துட்டாளா, இல்ல இன்னும் இருக்காளா'ன்னு கேட்டான். லோரிய ஓரமா நிப்பாட்டிட்டேன். நீ ஸ்கூல்ல இருக்க. அம்மாவுக்குப் போன் போட்டு, ஒன்ன ஓடிப் போயிப் பாத்துட்டு வான்னேன்."

ரெனீக்கு அந்த நாள் நினைவிருந்தது. அம்மா பள்ளிக்கூட வாசலில் குடையைக் கொடுப்பதற்கென்று வந்து நின்றார். மழைக்கான அறிகுறியே இல்லை. தோழிகள் சிரித்தார்கள். அவளும் அம்மாவிடம் எரிந்து விழுந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே சொல்லலையேப்பா."

"என்னான்னு சொல்றது?"

"நம்பரயாவது மாத்தியிருக்கலாமே."

"மாத்துனா அடுத்து ஒன்னத் தேடுவானுங்க. எங்கிட்டயே அடிக்கட்டும்னு வச்சிக்கிட்டேன். நாலஞ்சு மாசம் அடிச்சானுங்க. அப்பறம் சலிச்சுப் போயி விட்டுட்டானுங்க."

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வரிசை நகர்ந்திருந்தது. அப்பா வண்டியைத் தட்டுத்தடுமாறி முதல் கியரில் போட்டார். ரெனீக்குக் கண்ணில் நீர் திரண்டு சாலை மங்கியது. அப்பாவுக்கு வெட்கம் என்றுதான் அவள் ஒன்பது வருடம் எண்ணியிருந்தாள். அது அவளைக் காப்பாற்றத்தான் என்பது இப்போதுதான் தெரிகிறது. ஆனால் அதை நினைத்து உட்கார நேரமில்லை. மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க வேணாம்னா விட்டுடறேன்பா" என்றாள். அதை உண்மையாகவே சொன்னாள். "உங்களுக்குத்தானே போன் வரும்."

"விட்டா என்னா ஆவும்?"

"என் படத்தத் தூக்கிடுவாங்க. திருடின்னு பேரு நிக்கும். வேற எங்கயும் சேத்துக்க மாட்டாங்க."

"நீதானே வரைஞ்ச?"

"ரெண்டையும் நான்தான் வரைஞ்சேன்."

எடைமேடை வந்துவிட்டது. காவலாள் கையைக் காட்டினான். லோரி மேடைமேல் ஏறியதும் அடியில் இரும்பு கடகடத்தது. அப்பா என்ஜினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"அனுப்பச் சொல்லு."

அவள் அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. ஆலைப் பக்கம் சிக்னல் மட்டமாக இருந்தது. எடைக் கூண்டிலிருந்த ஆள் ரசீதை நீட்டி, "சூசை, வண்டிய எடு!" என்று கத்தினான். பின்னால் ஹாரன். அப்பா அசையவில்லை.

"துங்கு செக்கெஜாப் லா!" கொஞ்சம் பொறு என்று மலாயில் அவரும் கத்தினார். அவர் கத்தி ரெனீ கேட்டதில்லை.

திரை மின்னியது. அவர் எழுத்துக்கூட்டுவதுபோல ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். "நாலு. சைபர். ஒம்போது..." அவள் விரல் வியர்த்து வழுக்கியது. கடைசி இலக்கத்தை ஒரு முறை தப்பாக அடித்துத் திருத்தினாள். சக்கரம் சுற்றியது, சுற்றியது, திறந்துவிட்டது.

வால்நிலாவின் பக்கம். அவள் விட்டுவிட்டுப் போன மாதிரியே இருந்தது. மூலையில் படிக்காத செய்திகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி நின்றது. அதன்மேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். கட்டத்தில் எழுதினாள்:

"நான்தான் வால்நிலா. வெள்ளெலியும் நானே. என் நடையை நானே எப்படித் திருடுவது?"

அனுப்பிவிட்டு லோரியின் இருக்கையில் சாய்ந்தாள். அப்பா வண்டியை எடைமேடையிலிருந்து இறக்கினார்.

*

குழு தலைகீழாகப் புரண்டது. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு நம்பினார்கள். நம்பியதும் அழுதார்கள், பூ அனுப்பினார்கள், "ராணி" என்றார்கள், காலைவரை திருட்டு எலி என்று எழுதியவர்களே "எனக்கு முதல்லேயே ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்று எழுதினார்கள். தேவிஸ்ரீ ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "சிஸ், எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

ரெனீ மாலையில் கொஞ்சம் தூங்கினாள். விழித்துப் பார்த்தபோது குழுவின் காற்று வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"வால்நிலாவையே திருடின்னு சொன்ன மஞ்சள்பென்சிலச் சும்மா விடலாமா?"

விடவில்லை. மஞ்சள்பென்சிலின் பழைய ஓவியங்களை இழுத்துப்போட்டுக் காறித் துப்பிக்கொண்டிருந்தார்கள். சாம்பிக்குக் கால் கோணல், கண் மாறுகண் என்று சிரித்தார்கள். நோட்டுத் தாளில் வரைந்த ஒரு படத்தின் ஓரத்தில் பள்ளிச் சீருடையின் பேட்ஜ் அரைகுறையாகத் தெரிந்தது. யாரோ அதைப் பெரிதாக்கி, "இது எந்த ஸ்கூல்னு கண்டுபிடிங்க" என்று போட்டிருந்தார். கீழே பதில்கள் வர ஆரம்பித்திருந்தன. மாநிலத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வால்நிலாவின் பெயரிலிருந்து, "தயவுசெய்து நிறுத்துங்கள்" என்று எழுதினாள். அதற்கும் இதயக் குறி போட்டார்கள். "எவ்வளவு நல்ல மனசு பாருங்க, இவங்களப் போயி..." என்று சொல்லி இன்னும் வேகமாகத் தேடினார்கள்.

ஞாயிறு காலை தேவிஸ்ரீயை நேராகக் கூப்பிட்டாள். எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்தக் குரலைக் கேட்டாள். இருபது வயதிருக்கும். அவசரப் பேச்சு.

"மஞ்சள்பென்சில் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பேக்அப் லிஸ்ட்ல இருக்கா சிஸ். ஃபார்ம் டூ படிக்கிற பதினாலு வயசுப் பிள்ள. நேத்துலேருந்து ஆன்லைன்லயே இல்ல. மெசேஜ் பண்ணேன், பாக்கவே இல்ல."

"இன்னிக்குப் பிரீமியர நிறுத்திடுங்க."

"சிஸ், விளையாடறீங்களா? முப்பது பேரு. எட்டு மாசம். கவுண்ட்டவுன் ஓடிக்கிட்டு இருக்கு. எல்லா நாட்டுலயும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அவங்கதான் அந்தப் பிள்ள ஸ்கூலத் தேடிக்கிட்டு இருக்காங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண? நான் நிறுத்துனா என்னத்தான் கிழிப்பாங்க."

"கிழிப்பாங்க" என்றாள் ரெனீ. "ஆனா நிறுத்துனா மட்டும்தான் நம்ம சொல்றத ஒரு நிமிசம் கேப்பாங்க. நீங்க பண்ணலன்னா என் பார்ட்ட நானே எடுத்துக்கறேன். திருடலன்னு ஆச்சுல்ல, என் இஷ்டம்தானே."

"இது ப்ளாக்மெயில் சிஸ்."

"ஆமா."

தேவிஸ்ரீ போனை வைத்துவிட்டாள். பகல் முழுக்கப் பதில் இல்லை. கவுண்ட்டவுன் ஓடிக்கொண்டே இருந்தது. ரெனீ துணி மடித்தாள், மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள். தன் துண்டை எடுத்துவிடுவேன் என்று சொன்னது வாய்வார்த்தைதான். அவளுக்கு மனசு வராது. அது தேவிஸ்ரீக்கும் தெரிந்திருக்கும்.

ஆறு மணிக்கு வெளியீட்டுப் பக்கத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கவுண்ட்டவுன் பூச்சியத்தைத் தொட்டது. படம் ஓடவில்லை. கறுப்புத் திரையில் தேவிஸ்ரீயின் வரிகள் மட்டும் வந்தன: "இன்னிக்குப் படம் இல்ல. பேச்சு அறைக்கு வாங்க. வால்நிலா பேசணுமாம்."

ரெனீ கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா எதிர் நாற்காலியில். அம்மா வாசற்படியில். பேச்சு அறைக்குள் வந்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பலர் கோபத்தோடுதான் வந்தார்கள். மைக்கைத் திறந்தாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

"நான் அழகா பேச மாட்டேன். எனக்கு நடந்தத மட்டும் சொல்றேன். அன்னிக்கு எனக்குப் பதினஞ்சு வயசு. நீங்க எனக்கு அனுப்புனதெல்லாம் நான் பாத்தேன். எங்க அப்பாவுக்கு அடிச்ச போன் எதுவும் எனக்குத் தெரியாது. நேத்து வரைக்கும் தெரியாது." நிறுத்தி, எதிரே இருந்த அப்பாவைப் பார்த்தாள். "எங்க அப்பா லோரி டிரைவர். ரோட்டுல ஓட்டிக்கிட்டு இருக்கும்போது ஒரு பையன், உங்க மக செத்துட்டாளான்னு கேட்டிருக்கான். அதுக்கப்பறமும் அவர் அந்த லோரிய ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வரணும்ல?"

ஒருவன் தன் மைக்கைத் திறந்தான்.

"அது வேற, இது வேற. அந்தப் பொண்ணு உங்களத் திருடின்னு சொல்லுச்சு. முதல்ல அது பகிரங்கமா மன்னிப்புக் கேக்கட்டும்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

"நான் கேக்கலையே" என்றாள் ரெனீ. "உங்க பேரு என்ன?"

அவன் மைக்கை மூடினான்.

"பேச்சு வளக்க வேணாம். அந்தப் பிள்ளையோட ஸ்கூல் பேரு, படம், எது யார்கிட்ட இருக்கோ, அத இப்பவே அழிச்சுடுங்க. அழிச்சதும் சொல்லுங்க. நான் காத்துக்கிட்டு இருக்கேன். படமும் காத்துக்கிட்டு இருக்கும்."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டிருந்தார். அறையிலிருந்து ஆட்கள் கொத்துக் கொத்தாக வெளியேறினார்கள். அவ்வளவுதான், போய்விட்டது என்று ரெனீ நினைத்த நேரத்தில், உடைந்த குரலில் யாரோ, "அழிச்சுட்டேன்" என்றார்கள். கொஞ்சம் கழித்து இன்னொரு குரல். அப்புறம் ஒரு பெண், "பேட்ஜப் பெருசாக்கிப் போட்டது நான்தான், எடுத்துட்டேன்" என்றாள். எல்லோரும் சொல்லவில்லை. பேச வந்த அந்த ஒருவன் சொல்லாமலே போனான். ஆனால் தேடும் அந்தப் பதிவு போய்விட்டது, அதன் கீழே இருந்த பதில்களும் போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து மஞ்சள்பென்சில் எழுதினாள்.

"அக்கா, அந்த நடையப் பாத்துத்தான் நான் வரைய ஆரம்பிச்சேன். தினமும் பாப்பேன். யாரோ அத எடுத்துட்டாங்கன்னு நெனச்சதும் எனக்குத் தாங்கல. ரொம்ப பயமா இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லிட்டேன். அம்மா இப்ப என் பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க."

ரெனீ அதைப் பலமுறை படித்தாள். "நல்லது. அம்மா பக்கத்திலேயே இரு" என்று பதில் போட்டாள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

தேவிஸ்ரீ நிறையத் திட்டு வாங்கினாள். மூன்று பேர் கோபித்துக்கொண்டு தங்கள் துண்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றை மற்றவர்கள் ராப்பகலாக வரைந்து நிரப்பினார்கள். ரெனீயிடம் அவள் சில நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம், "உங்க பேர எப்படிப் போடணும் சிஸ்? வால்நிலாவா, வெள்ளெலியா?" என்று கேட்டு அனுப்பினாள். ரெனீ என்றே போடச் சொன்னாள்.

அப்பாவுக்கு இரண்டு அழைப்பு வந்தது. ஒன்றில் பேச்சே இல்லை. இன்னொன்றில் வளர்ந்த ஆண் குரல். தன் பெயரைச் சொல்லாமல், "அங்கிள், ரொம்ப நாளைக்கு முன்னாடி நான் உங்களுக்குப் போன் பண்ணியிருக்கேன்" என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் நின்றுவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். "சரி தம்பி. வை" என்றார்.

அடுத்த ஞாயிறு படம் வெளியானது. வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தார்கள். ஒரே சாம்பி சில வினாடிக்கு ஒரு தரம் வேறு வேறாக மாறியது. ஒருவர் கையில் குண்டாக, ஒருவர் கையில் ஒட்டடைக்குச்சியாக, ஒருவர் நீலம் பூசி, ஒருவர் பென்சில் கோடோடு அப்படியே விட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் அப்பா முன்னால் குனிந்து, "இதுவா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"இது? இதுதான். இது உன் கை."

"இது யாழ்ப்பாணத்துல ஒருத்தர் வரைஞ்சது."

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

ரெனீயின் துண்டு வந்தபோது அவர் அம்மாவிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை. அவள் படத்தை நிறுத்திப் பின்னால் ஓட்டினாள்.